சக்கரத்துக்கு முன்னால் அம்மிக்கல்

பத்திரமாக ஸ்டார்ட் செய்பவர் என்று ஒரு ரகம் இருக்கிறது. இவரை நீங்கள் சாலையில் பார்த்திருக்க முடியாது. சாலைக்கு வந்துவிட்டால் அவர் இந்த ரகம் இல்லை. இவரைப் பார்க்க வேண்டுமென்றால் கார் நிற்கிற கொட்டகைக்குத்தான் போக வேண்டும். போனால், காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ரிப்பேர் என்று நினைத்துவிடாதீர்கள். அடியில் கோழி எதுவும் படுத்திருக்கிறதா என்று பார்க்கிறார்.

இவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. லைசென்ஸ் இருக்கும். அதைத் தகர டப்பாவில் போட்டு, கரையான் வராமல் உறியில் தொங்கவிட்டிருப்பார். எந்தப் பெடல் எதற்கு, எந்தக் குமிழை எவ்வளவு இழுக்க வேண்டும், எவ்வளவு இழுத்தால் பெட்ரோல் மிஞ்சிப்போய் எஞ்சின் மூச்சு முட்டும், எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒன்றே ஒன்றுதான். வண்டியை நகர்த்துவது என்பது ஸ்டார்ட் செய்து முடித்த பிறகு வருகிற வேலை. ஸ்டார்ட் செய்கிற வேலையே இன்னும் திருப்தியாக முடியவில்லை என்கிறபோது, நகர்த்துவதைப் பற்றி இப்போது என்ன பேச்சு?

சாயல்குடிக்குத் தெற்கே, புளியேந்தல் என்ற ஊரில், இந்த ரகத்தில் நன்றாக முற்றிய ஒருவர் இருந்தார். பெயர் வீரபத்திரன். நஞ்சையும் புஞ்சையுமாகக் கொஞ்சம் நிலம், மாடு கட்டி இறைக்கிற கமலைக் கிணறு ஒன்று, மனைவி இருளம்மாள், ஒரு கறுப்பு கார். யுத்தத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் வாங்கிக் காத்துக் கிடந்த காலமெல்லாம் மலையேறிப்போய், பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பு வைத்து ஓட்டிய கூத்தையும் ஜனங்கள் மறந்துவிட்ட சமயத்தில், கீழக்கரை சதக்கத்துல்லாவிடம் அந்தக் காரை வாங்கினார். சதக்கத்துல்லாவுக்குக் கொழும்பில் வியாபாரம். அங்கே புது வண்டி எடுத்துவிட்டதால் இங்கே பழையது எதற்கு என்று தள்ளிவிட்டார். அவருடைய டிரைவர் சுஐபுதான் புளியேந்தல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டார். அந்தக் கார் தன் சொந்தப் பலத்தில் நகர்ந்தது அன்றைக்குக் கடைசி.

சுஐபு சாவியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். சாவி கொடுத்த கையை வீரபத்திரன் பார்த்துவிட்டார். மணிக்கட்டு கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பி நின்றது.

"கையில என்ன தம்பி?"

"ஸ்டார்ட் பண்ண முன்னால சொருகிச் சுத்துறமே, அந்த ஹேண்டில் திருப்பி அடிச்சிருச்சுங்க. கட்டைவிரல மத்த விரலோட ஒரே பக்கமா ஒதுக்கி வச்சுத்தான் ஹேண்டிலப் புடிக்கணும். நான் ஒருநா மறந்துபோயி சுத்தி வளைச்சுப் புடிச்சுட்டேன். எஞ்சினு ஒரு உதை உதைச்சுச்சு பாருங்க, கை எனக்குச் சொந்தமில்லாமப் போச்சு."

கூட வந்திருந்த சதக்கத்துல்லா சிரித்தார். "அவன் சொல்றதெல்லாம் கேக்காதீக அண்ணே. விரல ஒதுக்கிப் புடிச்சா ஒண்ணும் ஆகாது. இன்ஷா அல்லா, வாற மாசம் இதே கார்ல நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க."

அந்த வாற மாசம் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கீழக்கரையில் சோறு ஆறிப்போயிருக்கும்.

கட்டைவிரல் விஷயம் ஒரு விதை. ஒரே ஒரு விதை. சீமைக் கருவேலம் எங்கள் பக்கம் எப்படிப் பரவியது என்று உங்களுக்குத் தெரியுமல்லவா, அந்த மாதிரி பரவியது. ஹேண்டில் போடுகிறவன் காருக்கு முன்னால் நிற்கிறானே, கியரில் கிடந்து வண்டி அவன் மேல் பாய்ந்துவிட்டால்? ஆகவே நியூட்ரலில் இருக்கிறதா என்று கியர்த்தண்டை ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டிப் பார்த்தவர் கையை நம்பலாமா? ஆகவே ஹேண்ட் பிரேக். ஹேண்ட் பிரேக் பழசாச்சே? ஆகவே உள்ளே ஒருவர் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மிதிக்கிற கால் மரத்துப்போனால்? ஆகவே முன்சக்கரத்துக்கு முன்னால் கல். கல் என்றால் சும்மா தெருவில் கிடக்கிற கல்லா? புரளாத கல், பாரமான கல், ஒரு பக்கம் தட்டையான கல். புளியேந்தலில் அப்படி ஒரு கல்தான் இருந்தது. அது இருளம்மாளின் அம்மிக்கல்.

எஞ்சின் ஓடும்போது வண்டியை விட்டு இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது வண்டிக்கு முன்னால் ஆள் வரக் கூடாது. கொட்டகைக் கதவு இரண்டையும் அகலத் திறந்து வைக்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது, புகை ஆளைக் கொல்லும். பெட்ரோல் வாடை அடித்தால் அரை நாள் காத்திருக்க வேண்டும். பீடியோடு யாரும் வேப்பமரத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வரக் கூடாது. சாயல்குடி பஸ் டிரைவர், வாயில் பீடியும், தோளில் துண்டும், கண் வேறெங்கேயோ ஒரு பெண்பிள்ளை மேலுமாக, ஒரே சுற்றில் ஹேண்டில் போட்டுவிட்டு ஏறிப் போவதை வீரபத்திரன் ஒருமுறை பார்த்தார். அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த விதிகளில் ஒன்றுகூடத் தப்பானது கிடையாது. தனித்தனியாக எடுத்துப் பாருங்கள், எல்லாம் நூற்றுக்கு நூறு சரி.

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டார்ட். வயலில் வேலை செய்கிற கூத்தையா வந்து ஹேண்டில் போட வேண்டும். வீரபத்திரன் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பார். எஞ்சின் பிடித்ததும் கூத்தையா ஹேண்டிலை உருவிக்கொண்டு வேப்பமரத்துக்கு ஓடிவிட வேண்டும். வீரபத்திரன் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்பார். நல்ல நாதஸ்வரம் கேட்கிற முகம். பிறகு நிறுத்துவார். அம்மி வீட்டுக்குத் திரும்பும்.

"இப்ப என்னத்துக்கு ஸ்டார்ட் பண்ணுனீக?" என்று இருளம்மாள் ஆரம்பத்தில் கேட்டதுண்டு.

"ஸ்டார்ட் ஆகுதான்னு பாக்க."

"ஆகுதுல்ல?"

"ஆகுது."

"அப்ப எங்கனயாச்சும் போவமே."

"போவம், போவம். வண்டி எங்க ஓடிப்போகுது."

அது உண்மைதான். வண்டி எங்கேயும் ஓடிப்போகவில்லை.

இப்படியே நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு காதுகுத்து வந்தது.

வீரபத்திரனின் தங்கை ராக்கு. அவளுடைய முதல் பெண் குழந்தை முத்தழகு. மாரியூர்க் கடற்கரையில் ராக்குவின் புகுந்த வீட்டுக் குலசாமி கோயில். அங்கே மொட்டை எடுத்துக் காது குத்துவது என்று நாள் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக் காது குத்தும்போது அது தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மாமன் மடி என்பது ஒரு பதவி. அந்த மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பிள்ளை, பிறகு கல்யாணம், வளைகாப்பு, சாவு வரைக்கும் எதற்கும் அந்த மாமனைத்தான் முதலில் தேடும். மடி மாறிவிட்டால் மாறினதுதான்.

வீரபத்திரன் மடி வராமல் போனால் பிள்ளை உட்கார இன்னொரு மடி தயாராக இருந்தது. பூமிநாதன். வீரபத்திரனின் பெரியப்பா மகன். ஆகவே அவரும் முத்தழகுக்கு மாமன் முறைதான். வரப்பைக் கொத்திக் கொத்தி வீரபத்திரன் பக்கம் நகர்த்திய ஆள். இரண்டு பேருக்கும் பேச்சு இருந்தது, ஆனால் குத்தலாகத்தான் இருந்தது.

"வீரபத்திரா, நீ கார்லதான் வாறியாமே," என்றார் பூமிநாதன், முதல் நாள் சாயங்காலம். "பையப் பைய ஸ்டார்ட் பண்ணு. அவசரமில்ல. ஒனக்கு நேரமாச்சுன்னா நான் உக்காந்துக்கிறேன். மடிதானே, எம்மடி என்ன தேஞ்சா போயிரும்?"

வீரபத்திரன் ராத்திரியெல்லாம் புரண்டார். மாட்டு வண்டியில் போய் இறங்கியிருக்கலாம். பொழுது விடிவதற்குள் நடந்தேகூடப் போயிருக்கலாம், மூன்று கல் தொலைவுதான். ஆனால் காரில் வருகிறேன் என்று ராக்குவிடம் சொல்லிவிட்டார். கார் வைத்திருக்கிற மாமன் நடந்து வந்தால் அது பூமிநாதன் மடியைவிட மோசம்.

விடிகாலையிலேயே ஆரம்பித்தார். தண்ணீர் பார்த்தார். எண்ணெய் பார்த்தார். கோழி பார்த்தார். இருளம்மாள் பட்டுச்சேலை கட்டி, தோடும் பாவாடைத் துணியும் பழமும் வைத்த சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். அந்தக் காரில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. கதவுக் கண்ணாடியில் ஒருமுறை முகம் பார்த்துக்கொண்டாள்.

கூத்தையா ஹேண்டிலைச் சொருகினான்.

"ஏலே கூத்தையா, கட்டைவிரல் எங்கன இருக்கு?"

"கையிலதான் இருக்குங்கய்யா."

"கையில எந்தப் பக்கம்னு கேக்குறேன்."

"மத்த நாலோட ஒண்ணாத்தான் இருக்கு. அஞ்சும் இப்ப ஒத்துமையா இருக்குதுக."

மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. கூத்தையா வேப்பமரத்துக்கு ஓடினான். கார் நடுங்கியது, சீர்த்தட்டில் வாழைப்பழம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது. வீரபத்திரன் வழக்கம்போல் கண்ணை மூடினார்.

"போகலாமுல்ல?" என்றாள் இருளம்மாள் பின்னாலிருந்து.

"போகலாம்."

கொஞ்ச நேரம் போனது. கார் போகவில்லை.

"போகலாமுன்னீகளே?"

வீரபத்திரன் எஞ்சினை நிறுத்தினார். அவருக்கு அப்போதுதான் உறைத்திருந்தது. சக்கரத்துக்கு முன்னால் அம்மி கிடக்கிறது.

நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்களோ அதையே கூத்தையா சொன்னான். "நீங்க ஸ்டார்ட் பண்ணி உக்காந்திருங்கய்யா. நான் அம்மிய எடுத்துட்டு ஓடிப் போயிர்றேன்."

"ஓடுற வண்டிக்கு முன்னால ஆளு வரக் கூடாது."

"வண்டி ஓடலையே அய்யா. நிக்கிதுல்ல?"

"எஞ்சினு ஓடுதுல்ல?"

"சரி, எஞ்சின நிப்பாட்டிட்டு எடுத்துருவோம்."

"எடுத்துட்டு?"

"எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணுவோம்."

"கல்லு இல்லாமயா?"

"நீங்களே இறங்கி எடுத்துட்டு..." என்று ஆரம்பித்த கூத்தையா, ஓடுகிற எஞ்சினை விட்டு இறங்கக் கூடாது என்று அவனுக்கே ஞாபகம் வந்து, பாதியில் விட்டுவிட்டான். மூன்று பேரும் கொஞ்ச நேரம் அம்மியைப் பார்த்தார்கள். இத்தனை வெள்ளிக்கிழமைகளில் இந்தச் சிக்கல் எப்படி வராமல் போனது என்று கேட்பீர்கள். எப்படி வரும்? போக வேண்டும் என்று நினைத்தவனுக்குத்தானே கல் தடை.

இருளம்மாள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். ஊர்க்காரர் முனியசாமியின் மாட்டு வண்டி அந்த வழியாகக் கோயிலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கை காட்டி நிறுத்தினாள்.

"நீ எங்கன போற?" என்றார் வீரபத்திரன்.

"சீராவது நேரத்துக்குப் போய்ச் சேரட்டும். நீங்க பத்திரமா வாங்க. நான் வாரேன் வாரேன்னு சொல்லிக்கிட்டே உக்காந்திருக்கிற ஆளு இல்ல, போறேன்."

மாட்டு வண்டி போய்விட்டது. அது கிளம்புவதற்கு முன்னால் கோழியா கல்லா என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. மாடு வாலைத் தூக்கியது, போயேவிட்டது.

முத்தழகு பிறந்தபோது வீரபத்திரன்தான் முதலில் தேன் தொட்டு வைத்தார். இந்த மடியில் அவள் ஈரம் பண்ணாத வேட்டி அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது. இப்போது அந்தப் பிள்ளை போய்ப் பூமிநாதன் மடியில் உட்கார்ந்து, காது வலித்து, அழுது, நிமிர்ந்து, பூமிநாதனின் மீசையைப் பார்க்கப்போகிறது.

கஷ்டம் வந்தால் மூளை வேலை செய்யும். "ஏலே, கமலை வடத்த எடுத்துட்டு வா," என்றார்.

கிணற்றிலிருந்து தண்ணீர் இழுக்கிற அந்தத் தடித்த கயிற்றின் ஒரு நுனியை அம்மிக்குக் கட்டினார்கள். மறுநுனி வேப்பமரத்தடியில் கூத்தையாவின் கையில். ஸ்டார்ட் ஆனதும் அவன் அங்கிருந்தே இழுப்பான். ஆள் முன்னால் வரவில்லை, வீரபத்திரன் இறங்கவில்லை, கல் நகர்கிறது. ஒரு விதியும் உடையவில்லை. யோசித்துப் பாருங்கள், எவ்வளவு அழகான ஏற்பாடு.

ஸ்டார்ட் ஆனது. அம்மி மணலில் உழுதுகொண்டு நகர்ந்து வேப்பமரத்தடி போய்ச் சேர்ந்தது. வீரபத்திரன் கிளம்புகிற முறைப்படி ஹார்ன் அடித்தார். அந்தச் சத்தத்தில் வைக்கோல் போரிலிருந்து ஒரு கோழி, குஞ்சுகளோடு, ஒளிய இடம் தேடி நேராகக் காருக்கு அடியில் ஓடியது.

எஞ்சினை நிறுத்தினார். இறங்கினார். காருக்கு அடியில் நுழைந்தார். இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

குஞ்சுகளை எண்ணி எடுத்து, கூடையைக் கவிழ்த்து மூடி, அம்மியை மறுபடி சக்கரத்துக்கு முன்னால் வைத்து, மறுபடி கட்டைவிரல் எங்கே என்று கேட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்வதற்குள் வெயில் ஏறிவிட்டது.

கோயிலில் அதற்குள் நடந்ததை, வந்தவர்கள் பிறகு ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எல்லாருடைய பேச்சும் ஒத்துப்போகிற இடம் இது. மொட்டை எடுத்தாயிற்று. நல்ல நேரம் கழிந்துகொண்டிருக்கிறது. ஆசாரி தோட்டையும் ஊசியையும் எடுத்து வைத்துக்கொண்டு எல்லார் முகத்தையும் பார்க்கிறார். பூமிநாதன் பாய் விரித்துச் சம்மணம் போட்டு, மடியைத் துண்டால் தட்டிச் சரி செய்கிறார். இருளம்மாள் தட்டோடு வந்து இறங்குகிறாள்.

"மதினி, எங்கண்ணன எங்க?" என்றாள் ராக்கு.

"ஸ்டார்ட் பண்ணிக்கிட்டு இருக்காக."

"இன்னுமா?"

"பத்திரமா."

பூமிநாதன் கையை நீட்டினார். "ஏ ராக்கு, புள்ளையக் குடு. நேரம் போகுது. அவன் வாறதுக்குள்ள புள்ளைக்குக் கல்யாண வயசு வந்துரும்."

ராக்கு பிள்ளையைக் கொடுக்கவில்லை. இடுப்பில் இன்னும் இறுக்கிக்கொண்டாள். "மொட்டைக்குத்தான் கோயில் வேணும். அது ஆச்சு. காது குத்த எங்கண்ணன் மடிதான் வேணும். மடி வராட்டி என்ன, நாம போவோம். ஆசாரி, வண்டியில ஏறுங்க."

இதுதான் புளியேந்தலில் யாருக்கும் தெரியாது.

புளியேந்தலில் அந்த நேரத்தில் ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஓடியது. அம்மி வேப்பமரத்தடியில் இருந்தது. கோழி கூடைக்குள் இருந்தது. ஹார்ன் அடித்தாயிற்று, ஒன்றும் ஓடி வரவில்லை. வீரபத்திரன் காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை விடுவித்தார். முன்னால் கொட்டகை மேடு. மேடு இறங்கினால் வற்றிக் கிடக்கிற ஊருணி. ஊருணியைச் சுற்றிப் பாதை. பாதை முடிந்தால் மாரியூர், கடல், முத்தழகு. கிளட்சை மிதித்தார். கியர்த்தண்டில் கை வைத்தார். வேப்பமரத்தடியில் கூத்தையா எழுந்து நின்றுவிட்டான்.

அப்போது பாதை திரும்புகிற இடத்தில் மாட்டு வண்டிகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, அதற்குப் பின்னால் இன்னும்.

எதிரே ஆட்கள் வருகிறார்கள். எஞ்சினை நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டார்.

கூட்டம் இறங்கிக் காரை நோக்கி வந்தது. "முன்னால யாரும் நிக்காதீக," என்று வீரபத்திரன் உள்ளேயிருந்து கத்தினார். "கல்லு இல்ல, கல்லு இல்ல. ரெண்டு பக்கமும் ஒதுங்குங்க." தேர் வருகிற தெருவில் ஒதுங்குவதைப் போல எல்லாரும் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள்.

ராக்கு ஜன்னலில் குனிந்தாள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு முத்தழகு மாமனைப் பார்த்துக் கையை நீட்டியது.

"அண்ணே, இறங்கு. இங்கனயே குத்திருவோம். இப்பப் போனா நேரம் போயிரும்."

"எப்படி இறங்குறது? நான் இறங்குனா வண்டி மேட்ட விட்டு இறங்கிரும்."

"ஹேண்ட் பிரேக்குன்னு ஒண்ணு இருக்காமே?"

"இத்தன நாளும் இழுத்தபடியே கெடந்துச்சு. இப்ப ஒருவாட்டி விட்டுட்டேன், இனி அத மட்டும் நம்பக் கூடாதும்மா."

"அப்பக் கல்ல வைக்கச் சொல்லேன்."

"கல்லு வைக்காத வண்டிக்கு முன்னால ஆளு வரக் கூடாது."

"ஆளு வராம எப்படிண்ணே கல்லு வைக்கிறது?"

வீரபத்திரனுக்கு அதற்கு விடை தெரியவில்லை. இன்றுவரைக்கும் தெரியாது. பூமிநாதன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டார். "நான் வேணும்னா கீழ உக்காரவா, ராக்கு? எனக்குக் கல்லெல்லாம் வேணாம்."

ராக்கு அண்ணனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கார்க் கதவைத் திறந்து, பிள்ளையைத் தூக்கி, ஸ்டியரிங்குக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவில், அவருடைய மடியில் உட்காரவைத்தாள்.

"மடி எங்கன இருந்தா என்ன," என்றாள்.

வீரபத்திரனின் இரண்டு காலும் பிரேக்கில். இரண்டு கையும் பிள்ளையைச் சுற்றி. கண்ணில் வந்ததைத் துடைக்கக் கை இல்லை. முத்தழகு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது. ஆசாரி மறுபக்கத்துச் சீட்டில் முழங்கால் போட்டு ஏறி, இடது காதைத் தடவி, குறி வைத்து, யாரும் எதிர்பாராத நேரத்தில் குத்தினார்.

முத்தழகு வீரிட்டது. அதைவிட உரக்க வீரிட்டவர் மாமன். அந்த அலறலில் அவருடைய இரண்டு காலும் பிரேக்கை விட்டு எகிறின. தடுமாறிய ஆசாரி, ஊன்றிக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று கைக்கு அகப்பட்ட ஒரு தண்டை அழுத்திப் பிடித்தார். அதுதான் ஹேண்ட் பிரேக். அது விட்டுக்கொடுத்தது.

கார் கிளம்பியது.

சத்தமே இல்லை. எஞ்சின் ஓடவில்லை, ஹார்ன் இல்லை, ஒன்றும் இல்லை. மேட்டிலிருந்து ஒரு கறுப்பு மாடு தண்ணீர் குடிக்க இறங்குவதைப் போல, மெதுவாக, ஊருணியைப் பார்த்துப் போனது. இரண்டு பக்கமும் ஜனங்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. ஏனென்று உங்களுக்குத் தெரியும். வீரபத்திரன் ஒரு கையால் பிள்ளையையும் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் பிடித்தார். பிரேக் எது என்று கால் தேடியது. தேடிக்கொண்டே இருந்தது.

முத்தழகு அழுகையை நிறுத்தியது. காற்று முகத்தில் அடித்தது. அது சிரித்தது. ஊருணியின் மணலில் சக்கரம் புதைந்து கார் தானாக நின்றபோது, அது திரும்பி மாமன் முகத்தைப் பார்த்து, இன்னொரு தடவை என்பதைப் போல ஸ்டியரிங்கைக் கையால் தட்டியது. அது சிரித்துக்கொண்டிருக்கும்போதே, தொழில் தெரிந்த ஆசாரி வலது காதையும் குத்தி முடித்துவிட்டார். நல்ல நேரம் அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

எல்லாரும் ஓடி வந்தார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"பாத்தியா?" என்றார் வீரபத்திரன், மூச்சு வாங்க, முதலில் வந்து சேர்ந்த மனைவியைப் பார்த்து. "முன்னால யாரும் நிக்காதீகன்னு சொன்னேன்ல? நின்னிருந்தா?"

இருளம்மாள் இதற்கு என்ன சொல்ல முடியும்? அவர் சொன்னது சரிதான். அதுதான் இந்த ரகத்தோடு குடும்பம் நடத்துவதில் உள்ள கஷ்டம்.

காரின் பின்பக்கம் வண்டிக் கயிறுகளைக் கட்டி, மேட்டுக்கு இழுத்து ஏற்றினார்கள். மாமன் ஸ்டியரிங் பிடித்தார், மடியில் முத்தழகு. பின்னாலிருந்து இழுத்தவர்களில் பூமிநாதனும் ஒருவர். மாமன் முறைக்கு அவரும் ஏதாவது செய்ய வேண்டுமல்லவா? "வீரபத்திரா, ஒன் காரு பத்திரமாத்தான்யா இருக்கு," என்றார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "எங்களுக்குத்தான் ஆயுசு கொறையுது."

கார் பழைய இடத்தில் வந்து நின்றது. "ஏலே கூத்தையா, அம்மியக் கொண்டு வந்து வையி," என்றார் வீரபத்திரன். எல்லாரும் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதால் இந்தத் தடவை விதி இடம் கொடுத்தது.

அம்மி அங்கே இல்லை. கோயிலில் வெட்டிய கிடா வண்டியோடு வந்திறங்கியிருந்தது. விருந்து இனி இங்கேதான். அத்தனை பேருக்கும் மசால் அரைக்க வேண்டும். இருளம்மாள் அம்மியைக் கமலை வடத்திலிருந்து அவிழ்த்து, கழுவி, மிளகாயும் மல்லியும் வைத்து அரைக்க ஆரம்பித்திருந்தாள்.

"அது சக்கரத்துக்கு வேணும்," என்றார் வீரபத்திரன் ஜன்னல் வழியாக.

"கொழம்புக்கும் வேணும்," என்றாள் இருளம்மாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆகவே தாய்மாமனுக்கு அன்றைக்கு விருந்து காருக்குள்ளேதான் நடந்தது. இலையை மடியில் விரித்து, ராக்கு ஜன்னல் வழியாகக் கறி வைத்தாள். முதல் கறி மாமனுக்கு. இரண்டு காலும் பிரேக்கில் இருந்தன. பக்கத்துச் சீட்டில் முத்தழகு எலும்பு சூப்பிக்கொண்டே தூங்கிவிட்டது. சாயங்காலம் அம்மி காயும் வரைக்கும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவரைவிடச் சந்தோஷமான மனிதர் அந்த ஊரில் அன்றைக்கு வேறு யாரும் இல்லை.

சிரித்துவிட்டீர்கள். பரவாயில்லை, உங்களிடம்தான் கார் இல்லையே. ஆனால் நாளைக்குக் காலையில் எங்கேயோ கிளம்புவீர்கள். கதவைப் பூட்டுவீர்கள். பூட்டை இழுத்துப் பார்ப்பீர்கள். நாலு எட்டுப் போய், நின்று, திரும்பி வந்து, இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பீர்கள். ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிற ஒரு வீடு உங்களுக்கும் இருக்கும்; மழை விடட்டும், வெயில் தாழட்டும், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று. எல்லாம் சரியான காரணங்கள். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூடத் தப்பு கிடையாது.

நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பத்திரமாகவே இருங்கள். ஒன்றை மட்டும் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. வீரபத்திரனுக்காவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வர ராக்கு இருந்தாள். உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?